கலவை லீவரும் கமலா அக்காவின் தேங்காயும்

ஒரு கார் நின்றுவிட்டால் அதற்குக் காரணம் கலவைதான் என்று நான் நீண்ட காலம் நம்பியிருந்தேன். பெற்றோலும் காற்றும் என்ன அளவில் கலக்கின்றன என்பதைக் கைக்குள் வைத்திருப்பவன் காரையே கைக்குள் வைத்திருக்கிறான். மற்றதெல்லாம் வெறும் இரும்பு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்டுபிடித்து, நானே ஏற்றுக்கொண்டு, நானே அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்ட கொள்கை. அப்படிப்பட்ட கொள்கைகளைக் கைவிடுவது கடினம்.

இதை இப்போது எழுதக் காரணம் தர்ஷினி. இங்கே கனடாவில், ஒஷாவாவில் நான் வேலை பார்த்த கார்ப் பட்டறையில் இப்போது வேலை செய்யும் பிள்ளை, இங்கேயே பிறந்தவள், மின்சாரக் கார் படித்துவிட்டு வந்தவள். அண்மையில் தொலைபேசி எடுத்தாள்.

“அங்கிள், ஒரு பழைய கார் வந்திருக்கு. ஸ்ரியறிங்குக்கு நடுவில மூண்டு லீவர். ஒண்டு அக்சிலரேற்றர், ஒண்டு ஸ்பார்க், ஓகே. மூண்டாவது என்னத்துக்கு? லைக், கழட்டி எறியலாமா?”

“கழட்டு. பிறகு காரையும் எறி.”

“சீரியஸா கேக்கிறன் அங்கிள்.”

“நானும் சீரியஸாத்தான் சொல்லுறன்.”

தொலைபேசியில் விளக்கி முடியவில்லை. “எழுதி அனுப்புங்கோ” என்றாள். எனக்கும் நேரம் இருக்கிறது. என் வலது தோள் என்னைக் கேட்காமலே முன்கூட்டி ஓய்வெடுத்துவிட்டது; ஐம்பத்தெட்டு வயதில் மீதி உடம்பும் அதன் பின்னால் போகவேண்டி வந்தது. லீவரைப் பற்றி மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். லீவர் ஒரு கல்யாணத்துக்குள் கொண்டுபோய் விட்டது.

முதலில் லீவர். பெற்றோல் தனியே எரியாது. காற்றோடு கலந்தால்தான் எரியும். எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெற்றோல் என்பதை இன்றைய காரில் ஒரு சின்னக் கணினி தீர்மானிக்கிறது. ஓட்டுபவர் அந்த நேரத்தில் கோப்பி குடிக்கலாம். நூறு வருடப் பழைய காரில் அந்தக் கணினியின் வேலை ஓட்டுபவரின் தலையில். அதற்குத்தான் மூன்றாவது லீவர். அதன் ஒரு முனையில் ‘ஸ்ரோங்’, மறுமுனையில் ‘வீக்’ என்று பொறித்திருக்கும். ஸ்ரோங் பக்கம் தள்ளினால் பெற்றோல் கூடும். வீக் பக்கம் தள்ளினால் காற்றுக் கூடும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோல் அதிகம் வேண்டும். சூடேறச் சூடேறக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். ஏற்றத்தில் ஓர் அளவு, சமதரையில் இன்னோர் அளவு. கூடினால் கறுப்புப் புகை வரும், எஞ்சின் நொண்டும், பின்னால் இருப்பவருக்குக் கண் எரியும். குறைந்தால் எஞ்சின், பெற்றோலும் காற்றும் கலக்கும் காபரேற்றர் வழியாகத் தும்மும். சில தும்மலில் நெருப்பும் வரும். இவ்வளவுதான் விஷயம். இதை விளங்கிக்கொள்ள எனக்கு அரை ஆயுள் போனது.

என் கொள்கை பிறந்தது யாழ்ப்பாணத்தில், பொருளாதாரத் தடைக் காலத்தில். அப்போது பெற்றோல் என்பது மருந்துபோல. துளிக் கணக்கில்தான் கிடைக்கும். மோட்டார் சைக்கிளையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலில் இருந்து காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் பீச்சி, எஞ்சின் பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவோம். அந்த எஞ்சின்களுக்கு வந்த வருத்தம் எல்லாம் உண்மையில் கலவையால் வந்ததுதான். காற்றைக் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை, திருகைக் கால் சுற்றுத் திருப்பு. வண்டி ஓடும். இளந்தாரியாகிய எனக்குப் பெயரும் வந்தது. எவ்வளவு குறைந்த எண்ணெயில் ஓட வைக்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரர் என்பது அந்தக் காலத்தின் கணக்கு.

அந்தக் கணக்கோடுதான் கனடாவுக்கு வந்து பார்க்டேலில் இறங்கினேன். கோப்பை கழுவினேன், பெற்றோல் அடித்தேன், இரண்டாம் தடவையில் மெக்கானிக் சோதனை பாஸ் பண்ணினேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் கோப்பை கழுவியவர்கள்தான்.

ஒஷாவாப் பட்டறையின் முதலாளி மார்கிறெற் என்ற பெண்மணி. நான் சேரும்போதே அறுபது கடந்தவர். நூறு வருடக் கார்களைத் திருத்துவதுதான் பட்டறையின் வேலை. அவருக்கு ஒரு பழக்கம்: எஞ்சின் ஓடும்போது பேசமாட்டார், மற்றவர்களையும் பேச விடமாட்டார். வாடிக்கையாளர் பேசினால் ஒரு விரலை உயர்த்துவார். அந்த விரல் இறங்கும்வரை ஒருவரும் மூச்சு விடுவதில்லை. கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். மிகவும் கோபம் வந்தால் கேட்கவே கேட்காது. வாயைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் வாரம் என்னிடம் ஒரு திறந்த காரைத் தந்து கலவையைச் சரிசெய்யச் சொன்னார். யாழ்ப்பாணத்துக் கை சும்மா இருக்குமா. வீக் பக்கம் தள்ளி, தள்ளி, எஞ்சின் தடுமாறும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்தினேன். இவ்வளவு சிக்கனத்தை அந்தக் கார் தன் வாழ்நாளில் கண்டிருக்காது. மார்கிறெற் பக்கத்து இருக்கையில் ஏறினார். வெளியே ஓட்டிப்போனோம். ஒரு சின்ன ஏற்றம் வந்தது. எஞ்சின் ஒருமுறை தும்மியது. இரண்டாம் தும்மலில் எஞ்சினை மூடியிருக்கும் பொனெற்றின் பக்கத் துளைகள் வழியாக மஞ்சளாக ஏதோ தெரிந்தது.

அடுத்து எனக்கு நினைவு இருப்பது, நான் வீதியோரப் புல்லில் நின்றுகொண்டிருந்தது. எப்போது இறங்கினேன், கதவைத் திறந்தேனா, மேலால் பாய்ந்தேனா, தெரியாது. கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. மார்கிறெற் தன் இடத்தில் இருந்தபடியே குனிந்து, பெற்றோலைத் திறந்து மூடும் பித்தளைத் திருகை மூடினார். ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அக்சிலரேற்றர் லீவரை முழுதாகத் திறந்தார். எஞ்சின் அந்த நெருப்பைத் தன் வாய்க்குள்ளேயே இழுத்து விழுங்கிவிட்டது. பிறகு காரை ஓரங்கட்டி நிறுத்தி, நான் நடந்து வரும்வரை காத்திருந்தார்.

“கார் எரிந்தால் நீ இறங்கலாம்,” என்றார். “அடுத்தமுறை என்னிடம் சொல்லிவிட்டு இறங்கு.”

அன்றில் இருந்து எதைக் கண்டு பயந்தாலும் என் கை முதலில் போவது அந்தப் பித்தளைத் திருகுக்குத்தான். மூளைக்கு முன்பு கை போய்விடும். இது நல்ல பழக்கம். ஒருநாளைத் தவிர.

மார்கிறெற் எனக்குக் கலவையை முதலில் இருந்து படிப்பித்தார். லீவரில் பொறித்திருந்த எழுத்துகளின்மேல் கறுப்பு ஒட்டுநாடாவை ஒட்டினார். கண்ணால் பார்த்து வைக்கக்கூடாதாம். எஞ்சினைக் கிளப்ப முதலில் பித்தளைத் திருகைத் திறக்க வேண்டும். ஸ்பார்க் லீவரைப் பின்னுக்கு வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காரின் முன்னால் நின்று சுற்றும் கைபிடி திருப்பி அடிக்கும். கலவையை ஸ்ரோங்கில் வைத்து, காபரேற்றரின் மேலுள்ள சின்னக் குமிழை விரல் நனையும்வரை அழுத்த வேண்டும். கைபிடியைச் சுற்றும்போது பெருவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். எஞ்சின் பிடித்த பிறகு, அது சூடேறச் சூடேற லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வீக் பக்கம் கொண்டுவந்து, தடுமாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து சற்றே திரும்பி வரவேண்டும். நான் எப்போதும் அந்தத் திரும்பி வருவதைத்தான் விட்டுவிடுவேன்.

கார் நின்றால் எங்கே தேடவேண்டும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பெற்றோல் தாங்கியில் இருந்து தொடங்க வேண்டும். தாங்கி, திருகு, பைப், காபரேற்றர், ஸ்பார்க். எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லையென்றால் மட்டும் கலவை. நான் அதைத் தலைகீழாகச் செய்பவன். பல வருடம் அப்படியே செய்தேன். பல தடவை அதிர்ஷ்டமும் கைகொடுத்தது. அதுதான் கெட்டது.

இனிக் கல்யாணம்.

கமலா அக்கா பார்க்டேலில் எங்கள் கட்டடத்தில் இருந்தவர். பிறகு மல்வேர்னில் வீடு வாங்கிப் போனவர். அவருடைய ஒரே மகன் நிரூபனுக்குக் கல்யாணம் சரிவந்திருந்தது. முதலில் குறித்த நாள் நிரூபனின் அப்பா இறந்துபோனதால் தள்ளிப்போனது. ஒரு வருடம் கழித்து இரண்டாம் தடவை நாள் குறித்தார்கள். இதற்குள் பெண் வீட்டில் யாரோ ஒரு மாமி, ‘மாப்பிள்ளை வீட்டார் எதிலும் பிந்தித்தான்’ என்று சொன்னது கமலா அக்காவின் காதுக்கு வந்துவிட்டது. செத்த மனிசனையும் சேர்த்துச் சொன்ன சொல் அது. அக்கா அதை யாரிடமும் சண்டையாக்கவில்லை. உள்ளே வைத்துக்கொண்டார்.

என்னிடம் வந்து, மாப்பிள்ளை போவதற்கு ஒரு பழைய கார் ஒழுங்குசெய்ய முடியுமா என்று கேட்டார். மார்கிறெற்றிடம் கேட்டேன். தன்னுடைய சொந்தக் காரையே தந்தார். இங்கிலாந்தில் செய்த பெரிய திறந்த கார். ஒரே நிபந்தனை, தன் பிக்கப்பில் பின்னால் வருவேன் என்றார். “காரை நம்புகிறேன்,” என்றார். மற்றதைச் சொல்லவில்லை.

கல்யாண நாள் காலை, வைகாசி மாதம் என்றாலும் கையுறை போடும் குளிர். மல்வேர்னில் அக்காவின் வீட்டு வாசலில் காரைப் பூவால் கட்டி நிறுத்தியிருந்தோம். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, முகூர்த்தம் தெரியும்தானே. நான் உம்மட்டைக் கேக்கிறது ஒண்டுதான். பிந்தக்கூடாது. அந்தச் சனத்துக்கு முன்னால பிந்தக்கூடாது.”

“அக்கா, உந்தக் கார் என்ர கைச்சொல்லுக் கேக்கும்.”

“கார் கேக்கும். நீர் கேப்பீரோ எண்டுதான் யோசிக்கிறன்.”

நிரூபன் பட்டு வேட்டி, தலைப்பாகையோடு வந்து பின்னால் ஏறினான். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன், அதாவது பெண்ணின் தம்பி. அவன் கையில் தொலைபேசி. மண்டபத்தில் இருந்து வரும் செய்தி எல்லாம் அவன் வழியாகத்தான் எங்களுக்கு. நான் முறைப்படி எல்லாம் செய்து கைபிடியைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. சனம் கைதட்டியது. நான் ஓய்வுபெறும்வரை என் வேலைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

அப்போது வீடியோக்காரத் தம்பி வந்தார்.

“அண்ணை, ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திருப்பி ஸ்ரார்ட் பண்ணுங்கோ. மாப்பிள்ளை சிரிக்கேல்லை.”

நிறுத்தினேன். திரும்பவும் கலவையை ஸ்ரோங்கில் வைத்து, குமிழை அழுத்தி, சுற்றினேன். எஞ்சின் சூடாக இருந்தது; அதற்கு இந்தக் கூடுதல் பெற்றோல் தேவையே இல்லை. எனக்கு அது தெரியும். ஆனால் இவ்வளவு சனம் பார்த்துக்கொண்டிருக்க, முழுச் சடங்கையும் செய்யாமல் எப்படி விடுவது. ஐயர் பாதி மந்திரத்தில் நிறுத்துவாரா.

“இன்னொருக்கா அண்ணை. இப்ப நீங்கள் சிரிச்சுப்போட்டியள்.”

மறுபடியும் ஸ்ரோங், குமிழ், சுற்று.

“அண்ணை, மாப்பிள்ளையே இறங்கிச் சுத்தினா அந்த மாதிரி இருக்கும்.”

“கை முறிஞ்சால் தாலி ஆர் கட்டிறது? நீரோ?”

அந்த யோசனையைக் கைவிட்டார். ஆனால் நான்காம் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. சுற்றினேன், சுற்றினேன். மூக்குக்குள் பெற்றோல் மணம் ஏறியது. குனிந்து பார்த்தேன். காபரேற்றர் நிரம்பி வழிந்து, காருக்குக் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்து, ஒரு சின்னக் குளம் கட்டியிருந்தது.

நிமிர்ந்தேன். கமலா அக்கா கையில் தட்டத்தோடு வந்துகொண்டிருந்தார். தட்டத்தில் தேங்காய். தேங்காயின்மேல் கற்பூரம். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

என் கை பித்தளைத் திருகுக்குப் போய் அதை மூடிவிட்டது. அதுவரை சரி. அதன் பிறகு மூளை வந்து சேர்ந்தது. வந்தது பிழையாகிப் போய்விட்டது. ‘பெற்றோல் ஒழுகுகிறது, தள்ளி நில்லுங்கள்’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. மாப்பிள்ளை காருக்குள் இருக்கும்போது அந்த வார்த்தையைச் சொன்னால் அபசகுனமாகிவிடுமே, சனம் ஓடுமே, அந்த மாமிக்குச் செய்தி போகுமே என்று ஒரு கணத்துக்குள் எல்லாவற்றையும் யோசித்தேன். யோசித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் போய் நின்றேன்.

“அக்கா, அதை அங்கால கொண்டுபோங்கோ.”

“எங்கால?”

“அந்தக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில.”

“கற்பூரத்தைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலையோ?”

“உந்தக் காருக்குப் புகை ஒத்துவராது அக்கா.”

“கார் எண்டாலே புகை விடுற சாமான்தானே தம்பி.”

அவர் ஒரு அடி முன்னே வைத்தார். நான் ஒரு அடி பின்னே வைத்தேன். பின்னே வைத்த காலுக்குக் கீழே அந்தக் குளம் இருந்தது. என் முகம் அப்போது எப்படி இருந்தது என்று வீடியோவில் இருக்கிறது. நிரூபனின் பிள்ளைகள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்களாம்.

காப்பாற்றியவர் மார்கிறெற். நீலச் சட்டையும் முத்துமாலையுமாகப் பிக்கப்புக்குப் பக்கத்தில் நின்றவருக்கு மணம் போயிருக்கிறது. ஓடவில்லை. நடந்து வந்து, கமலா அக்காவுக்கு முன்னால் தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் தட்டத்தின் விளிம்பைத் தொட்டு, மெல்ல அக்காவையும் தட்டத்தையும் சேர்த்து அடுத்த வீட்டு வாசல்வரை நடத்திக்கொண்டு போனார். அக்கா அதை வெள்ளைக்காரரின் மரியாதை என்று நினைத்தார். இந்த மரியாதையை நம் சனமும் பழக வேண்டும் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறார். தேங்காய் அடுத்த வீட்டு வாசலில் உடைந்தது. கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்த அடுத்த வீட்டுக்காரரின் செருப்பில் தேங்காய்த் தண்ணீர் தெறித்தது. அவர் “கொங்கிராஜுலேஷன்ஸ்” என்றார்.

நான் குளத்தின்மேல் மண் போட்டுக் கூட்டி அள்ளினேன். சொட்டு நின்றிருந்தது. கொஞ்ச நேரம் காற்றாட விட்டேன். பிறகு, நிரம்பி வழிந்த எஞ்சினுக்குச் செய்யவேண்டியதைச் செய்தேன்: கலவையை முழுதாக வீக் பக்கம் தள்ளி, அக்சிலரேற்றரை முழுதாகத் திறந்து, ஸ்பார்க்கைப் பின்னுக்கு வைத்து, சுற்றினேன். கறுப்பாக ஒரு மூச்சு விட்டுவிட்டு எஞ்சின் பிடித்தது. அதைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய அந்த நிமிடம் நான் என் தொழிலின் உச்சியில் இருந்தேன் என்றே சொல்லலாம். ஏறி உட்கார்ந்து புறப்பட்டேன்.

பித்தளைத் திருகைத் திறக்கவில்லை. வாசிக்கிற நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். வாசிக்கிற உங்களுக்கு அன்று மாப்பிள்ளை அழைப்பு இல்லை.

திருகு மூடியிருக்கக் கார் எப்படிப் போனது என்றால், காபரேற்றருக்குப் பக்கத்தில் ஒரு சிறு பித்தளைக் கிண்ணம் இருக்கும். தாங்கியில் இருந்து வரும் பெற்றோல் அதில் நிறைந்து காத்திருக்கும். அந்தக் கிண்ணம் முடியும்வரை கார் போகும். கிண்ணத்தில் மட்டம் இறங்க இறங்க, எஞ்சினுக்குப் போகும் பெற்றோல் குறையும். காற்று மட்டும் அப்படியே போகும். அப்போது எஞ்சின் என்ன செய்யும்? தும்மும். கலவை மெலிந்துபோனால் எப்படித் தும்முமோ, அப்படியே.

மல்வேர்ன் வீதியில் மூன்று வளைவு கடந்திருப்போம். முதல் தும்மல் வந்தது. லீவரை ஸ்ரோங் பக்கம் கொஞ்சம் தள்ளினேன். தும்மல் நின்றது. எனக்குள் சிரித்துக்கொண்டேன். அடுத்த தும்மல். இன்னும் கொஞ்சம் ஸ்ரோங். நின்றது. இப்படி ஒவ்வொரு தடவையும் லீவர் எனக்குப் பதில் சொல்லியது. நான் கேட்ட கேள்வி பிழை என்பதை மட்டும் அது சொல்லவில்லை. லீவர் ஸ்ரோங்கின் கடைசி முனையைத் தொட்டபோது எஞ்சின் பெருமூச்சு விட்டு நின்றது. கார் மெல்ல உருண்டுபோய் ஒரு சிவப்பு விளக்கின் முன்னால், நடு வழித்தடத்தில் ஓய்ந்தது.

இறங்கி, பொனெற்றைத் திறந்து, குமிழை அழுத்தினேன். விரல் நனையவில்லை. விரல் நனையாவிட்டால் அங்கே பெற்றோல் இல்லை என்று அர்த்தம். ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். எனக்கு விளங்கியது, காற்று கூடிப்போய்விட்டது என்று. கலவையை முழுதாக ஸ்ரோங்கில் விட்டுச் சுற்றினேன். முழுதாக வீக்கில் விட்டுச் சுற்றினேன். நடுவில் விட்டுச் சுற்றினேன். அந்தக் குளிரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

நிரூபன் எட்டிப் பார்த்தான். அமைதியான பிள்ளை.

“அண்ணை, பெற்றோல் இருக்கோ?”

“தாங்கி நிறைய இருக்கு தம்பி. உது பெற்றோல் பிரச்சினை இல்லை. கலவைப் பிரச்சினை. நீர் தலைப்பாகையைப் பாரும்.”

தோழன் தொலைபேசியைப் பார்த்து வாசித்தான். “ப்ரோ, அம்மா கேக்கிறா எங்க நிக்கிறியள் எண்டு. ஐயர் பொண்ணைக் கூப்பிடச் சொல்லிட்டாராம்.”

“வந்திட்டம் எண்டு சொல்லும்,” என்றேன்.

“பட், வி ஆர் நொட்.”

முன்னால் விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. ஒரு பஸ் எங்களுக்குப் பின்னால் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. வேலைக்குப் போகிறவர்கள் கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்கள். உறவினர்களின் வான்களும் கார்களும் ஓரங்கட்டி, எல்லாரும் இறங்கி வந்தார்கள். ஆளுக்கொரு ஆலோசனை. ஒரு பெரியப்பா பற்றரி என்றார். ஒரு மச்சான் சொவ்ற்வெயர் என்றார்.

மார்கிறெற் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“தாங்கியில் இருந்து தொடங்கினாயா?”

“ஓம்,” என்றேன். அவருக்கு இதற்குள் ‘ஓம்’ என்றால் என்னவென்று தெரியும். என்னுடைய ‘ஓம்’ என்றால் என்னவென்றும் தெரியும். தானே பார்க்கப் பொனெற்றின் பக்கம் ஒரு அடி வைத்தார். அதற்குள் கமலா அக்கா வந்துவிட்டார்.

“அக்கா,” என்றேன், “நிரூபனை வானில ஏத்தி அனுப்புவம். நான் பின்னால வாறன்.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

“தேங்காய் உடைச்சு வெளிக்கிட்ட பிள்ளை இடையில இறங்கிறதோ. ஏறின வாகனத்திலதான் போய் இறங்கோணும். ஹோல் எவ்வளவு தூரம்?”

“உந்தச் சந்தியால திரும்பினா தெரியும் அக்கா.”

அவர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு வீதியோரம் நின்ற சனத்தின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“உதில நிண்டு போனில படம் எடுக்கிற ஆக்கள் எல்லாம் வந்து கையைக் காரில வையுங்கோ.”

வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியப்பாமார், மூன்று பெறாமக்கள், சொவ்ற்வெயர் மச்சான், குதியுயர்ந்த சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி இரண்டு பெட்டைகள். பொனெற்றை மூடிவிட்டு மார்கிறெற் பின் சில்லுக்குப் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தார். நான் ஏறி ஸ்ரியறிங்கைப் பிடித்தேன். பச்சை விழுந்தது. கார் அசைந்தது. பஸ் எங்களுக்குக் காவலாகப் பின்னால் ஊர்ந்து வந்தது.

வீடியோக்காரத் தம்பி முன்னால் பின்பக்கமாக ஓடிக்கொண்டு படம் எடுத்தார்.

“சிரிச்சுக்கொண்டு தள்ளுங்கோ. மாமா, நீங்கள் சிரிக்கேல்லை.”

“மூச்சு வந்தால் சிரிக்கிறன் தம்பி.”

அந்த வேளையிலும் நான் சும்மா இருக்கவில்லை. தள்ளும் வேகத்தில் எஞ்சின் பிடிக்கலாம் என்று கியரைப் போட்டுப் பார்த்தேன். கார் குலுங்கி நிற்க, ஒரு பெரியப்பா பின்னால் மோதிக்கொண்டார். “தம்பி, நீர் ஒண்டும் செய்யாமல் இருந்தாலே போதும்” என்ற குரல் கேட்டது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் எல்லாருடையதாகவும் இருந்திருக்கலாம். ஆனாலும் என் இடது கை கலவை லீவரை ஸ்ரோங்குக்கும் வீக்குக்கும் இடையில் நகர்த்திக்கொண்டே இருந்தது. நிரூபன் பின்னால் இருந்து, “அண்ணை, நல்லா வருது” என்றான். என்னைத் தேற்றச் சொன்னான். கல்யாண மாப்பிள்ளை சாரதியைத் தேற்றிக்கொண்டு வந்த ஊர்வலம் அதற்கு முன்போ பின்போ நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

சந்தியால் திரும்பியதும் வீதி கொஞ்சம் இறக்கம். மண்டப வாசலில் மேளகாரர் எங்களைக் கண்டுவிட்டார்கள். நாதஸ்வரம் தொடங்கியது. எஞ்சின் சத்தம் இல்லாததால் அது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. பெண் வீட்டார் ஆலாத்தித் தட்டத்தோடு வாசலில் நின்றார்கள். நான் பிரேக்கை மிதிக்க, கார் சிவப்புக் கம்பளத்தின் விளிம்பில் வந்து நின்றது. பெண்ணின் மாமிமார் வரிசையில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், “பார், சொந்தக்காரர் எல்லாம் சேர்ந்து தள்ளிக்கொண்டு வருகினம். எவ்வளவு வடிவு” என்றார். அதுதான் அந்த மாமியா என்று கமலா அக்காவிடம் கண்ணால் கேட்டேன். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டு, மகனின் பக்கத்தில் போய் நிமிர்ந்து நின்றார்.

எல்லாரும் உள்ளே போனார்கள். மார்கிறெற்றும் நானும் வெளியே காரோடு நின்றோம். அவர் பொனெற்றைத் திறந்தார். தாங்கி மூடியைக் கழற்றிப் பார்த்தார், நிறைய இருந்தது. மூடினார். கையைக் கீழே விட்டுப் பித்தளைத் திருகைத் தொட்டார். அந்தக் கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு திருகைத் திறந்தார். பெற்றோல் கிண்ணத்துக்குள் இறங்கும் சத்தம் எனக்கும் கேட்டது. நான் போய்க் கைபிடியைச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. அவர் ஒரு விரலை உயர்த்தினார். நான் பேசவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கெட்டிமேளம் கேட்டது. முகூர்த்தம் முடியமுன் நிரூபன் தாலி கட்டினான். அவன் மண்டபத்துக்கு வந்தது எஞ்சினில் அல்ல, சொந்தக்காரர் தள்ளித்தான். கலவையில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பெற்றோல் மூடியிருந்தது, மூடியது நான்.